ஆறு டன்னுக்கு முன்னால்

ஆறு டன் சுமை ஏறும்வரை அந்தக் கல் வாயைத் திறந்திருக்கக் கூடாது. இரண்டிலேயே திறந்துவிட்டது.

சத்தம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. ஹெட்போனில் ஒரு 'டிக்'. சோற்றில் கிடந்த மணலைக் கடித்தால் கேட்குமே, அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் கேட்டவர் காது. அம்மா அப்பா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பாறை முனகுவதைக் கேட்பதே பிழைப்பாகிப்போனதால் வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் 'காது'தான். தலைமை இன்ஜினியர்கூட "காதைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்.

"எண்ணெய், நிறுத்துப்பா," என்றார்.

கல்லை நசுக்கும் பிரஸ்ஸை ஓட்டுபவனுக்கு எண்ணெய் என்று பெயர் வந்ததற்கு அவன் சட்டையே சாட்சி. பம்ப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, அதுக்குள்ள கத்துதா? காலைல சாப்பிடலை போலிருக்கு கல்லு."

காது சிரிக்கவில்லை. கல்லின்மேல் ஒட்டியிருந்த நான்கு சென்சார்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பசை சரியாகத்தான் இருந்தது. மேலும் கீழும் இருந்த இரும்புத் தட்டுகளில் தூசு இல்லை. கல் கோணாமல் நேராக நின்றது. அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தட்டுப்படவில்லை.

பூமிக்கடியில் இருக்கும் பாறையின் தலையில் ஒரு மலையே உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உருளையாகக் குடைந்து எடுத்து மேலே கொண்டுவந்தால் அந்தக் கல்லுக்குப் பெரிய விடுதலைதான். அப்புறம் அதை பிரஸ்ஸில் வைத்து மெதுவாக நசுக்கினால், உள்ளே இருந்தபோது எவ்வளவு சுமை பட்டதோ அதுவரைக்கும் மூச்சுவிடாது. ஏற்கெனவே பட்டதுதானே என்று பேசாமல் கிடக்கும். அந்த அளவைத் தாண்டிய மறுநொடி உள்ளுக்குள் மயிரிழை விரிசல்கள் விட ஆரம்பிக்கும், டிக் டிக்கென்று சத்தம் வரும். முதல் சத்தம் எந்தச் சுமையில் வந்ததோ, மலை அதன்மேல் வைத்திருந்த சுமை அதுதான். கல்லுக்கு ஞாபகம் உண்டு என்று காது எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அன்றைக்குக் காலைவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எடுத்த அறுபது கற்களும் ஆறு டன்னில் ஒழுங்காகப் பேசின. இது அறுபத்தொன்றாவது, கடைசி. எட்டு மாதத்துக்கு முன்னால் சுரங்கப்பாதையில் ஓரிடம் இடிந்து விழுந்தது. அந்த இடத்தை அப்படியே கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டார்கள். இப்போது அதைச் சுற்றிக்கொண்டு புதுப் பாதை வெட்டப்போகிறார்கள். அதற்காகப் பக்கவாட்டிலிருந்து துளைபோட்டு எடுத்த கற்கள் இவை. அறுபத்தொன்றாவது கல் கான்கிரீட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

அந்தக் கான்கிரீட்டுக்குள் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் காதின் மச்சினன், அவர் மனைவிக்கு ஒரே தம்பி.

"மணி ஒண்ணாச்சு, சனிக்கிழமை," என்றான் எண்ணெய், கையைத் துடைத்துக்கொண்டே. "மிச்சத்தைத் திங்கட்கிழமை பாத்துக்கலாம். வாங்கண்ணே, நானே வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

"நீ போ. நான் ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டு வரேன்."

காது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் நின்ற பிறகும் டிக் விடாமல் வந்திருந்தது. முதல் நிமிடத்தில் எத்தனை வந்தது என்று கம்ப்யூட்டர் எண்ணி வைத்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை அவருக்குத் தெரியும்.

எண்ணெயின் வண்டிச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. மாடியில் யாரோ ஜன்னல்களைச் சாத்தினார்கள். பரிசோதனைக்கூடம் இருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில். கூரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு ஜன்னல், அதில் தெரு மட்டமும் போகிறவர்களின் கால்களும் தெரியும். பட்டப்பகல் வெயில் அதன் வழியாக வந்து, சுவரோரம் அடுக்கியிருந்த மரப்பெட்டிகளின்மேல், பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருந்த உருளைக் கற்களின்மேல் விழுந்துகிடந்தது. பிரஸ் எண்ணெயின் வாடையும் ஈரக் கல்தூளின் வாடையும் எப்போதும் போலத்தான் இருந்தன. மின்விசிறி மட்டும் கொஞ்சம் கூடுதலாக முனகுவது போலிருந்தது. அதை அணைத்தார்.

சுமையை முழுக்க இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஒருமுறை பேசிய கல் அதே சுமையில் இரண்டாம் தடவை பேசாது. அதுதான் விதி, அந்த விதியில்தான் அவர் இருபத்திரண்டு வருஷம் சோறு தின்றிருக்கிறார். ஒரு டன். ஒன்றரை. இரண்டு.

டிக்.

அப்புறம் சடசடவென்று மழை. ஒரு நிமிடம் முடிந்தபோது திரையில் அதே எண். இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்த நிமிடம் நூற்றெட்டு. அதற்கடுத்தது எழுபது.

கம்ப்யூட்டர்தான் பழைய பதிவை ஓட்டுகிறது என்று அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. சனியன், இதைச் சரிபார்க்காமல் பயந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு கம்பியைப் பிடுங்கினார். திரை கறுத்தது. ஹெட்போனைச் சென்சாரின் பெட்டியிலேயே நேராகச் செருகினார். இப்போது நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது. கல்லும் அவரும்தான்.

டிக். டிக் டிக். டிக்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீலநிற நோட்டை எடுத்தார். எட்டு மாதமாக அதைத் திறக்கவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

இடிந்த அன்று, விழுந்த பாறைக்கு இந்தப் பக்கம் அவர்தான் சென்சாரைப் பதித்து உட்கார்ந்தார். சுரங்கத்தில் வேலைக்குச் சேரும் எவனுக்கும் முதல்நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள்: உள்ளே மாட்டிக்கொண்டால் கூரையில் அடித்திருக்கும் ஆணியின் தலையில் சுத்தியலால் ஐந்து தட்டு, நிறுத்து, மறுபடி ஐந்து. வெளியே இருப்பவன் ஐந்து தட்டிப் பதில் சொல்வான். பதில் வந்தால் உன்னைக் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். காது பதில் தட்டக் கூடாது என்று தடுத்துவிட்டார். இடிந்த பாறை சும்மா இருக்காது, நாள் கணக்கில் சடசடத்துக்கொண்டு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அதில் நம்முடைய தட்டலும் கலந்துவிட்டால் எது எதன் சத்தம் என்று பிரிக்க முடியாது என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நாற்பத்தொரு மணிநேரம் ஒரு மனிதர் இருமக்கூட இல்லை.

ஐந்து ஐந்தாக எதுவும் வரவில்லை. கண்டபடி வந்தது. முதல் மணியில் இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது மணியில் நூற்றெட்டு. பிறகு எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பத்துமூன்று என்று குறைந்துகொண்டே போயிற்று. வரைபடத்தில் புள்ளி வைத்தால் பாறை அடங்கும்போது வரும் வளைவு அப்படியே வந்தது, புத்தகத்தில் போட்டிருப்பது போல. நாற்பத்தொன்றாவது மணியில் வெறும் ஐந்து, அதுவும் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக. அதற்குள் மீட்புத் துளைக்கு இடம் பார்க்கப் போன இரண்டு பேரின்மேல் கூரை உதிர்ந்து, ஒருவனுக்கு இடுப்பு போய்விட்டது. தலைமை இன்ஜினியர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"உள்ள ஆள் இருக்கா, இல்ல பாறையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க காது. நான் முடிவு எடுத்துடறேன்."

"பாறைதான் சார்," என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

மச்சினன் உள்ளே இருந்தும் மனுஷன் தடுமாறாமல் சொன்னாரே என்று பிறகு பல பேர் வியந்தார்கள். உண்மையைச் சொன்னால், அவருக்கும் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. மனைவியிடம் மட்டும் வேறொன்று சொன்னார். "ஒரு சத்தம்கூட இல்லம்மா. முதல் நிமிஷத்துலயே முடிஞ்சிருக்கும். வலியே தெரிஞ்சிருக்காது." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எட்டு மாதமாக எழுந்து பல் தேய்க்கிறாள். ராத்திரி சில சமயம் "நிஜமாவே ஒரு சத்தமும் இல்லைல்ல?" என்று கேட்பாள். "இல்லம்மா," என்பார்.

இப்போது நோட்டில் விரலை வைத்துக்கொண்டு அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நோட்டில் ஒரு மணிநேரம், கல்லில் ஒரு நிமிடம். முப்பத்தொன்று. விரல் ஒரு வரி இறங்கியது. இருபத்தெட்டு. இன்னொரு வரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. பிரஸ்ஸின் முள் மூன்றைத் தாண்டி, நான்கைத் தாண்டி, ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு ஜோடி செருப்பு நடந்து போனது, ஒரு சைக்கிள் சக்கரம் போனது, பிறகு நெடுநேரம் எதுவும் போகவில்லை. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நிறுத்தியிருக்கலாம். கை சுமையை இறக்கும் வால்வின்மேல்தான் இருந்தது. ஆனால் எட்டு மாதமாக அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது, அதை யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தார்.

ஐந்தரை டன். எட்டு. ஏழு. ஆறு. சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அப்போதுதான் அவருக்குள் அது வந்து விழுந்தது. பாறை அடங்கும்போது இந்த வளைவு வரும், சரி. கை ஓய்ந்துபோனால்? அடிபட்ட ஒருவன், இருட்டில், சுத்தியல் இல்லாமல் கல்லால் தட்டுகிறான். முதலில் வெறிபிடித்து இருநூறு தடவை, பிறகு நூறு, பிறகு எழுபது. அதுவும் இதே வளைவில்தான் இறங்கும்.

ஆறு டன். நாற்பத்தொன்றாவது நிமிடம்.

டிக்.

பன்னிரண்டு நொடி.

டிக்.

ஐந்து தட்டல். சொல்லிக்கொடுத்தபடி ஐந்து. அதைத் தட்டி முடிக்க அவனுக்கு ஒரு மணிநேரம் ஆகியிருக்கிறது.

நோட்டு அத்தோடு முடிந்தது. அதற்குக் கீழே எல்லாம் வெள்ளைத் தாள். அவர் ஹெட்போனைக் கழற்றிய நேரம் அது.

அவர் வால்வைத் திறக்கவில்லை. சுமையை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

ஆறேகால். ஒன்றுமில்லை. ஆறரை. ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சு விடப் போனார்.

தப்... தப்... தப்...

கல்லுக்குள் தூரத்தில் எங்கோ ஒன்று கனமாக இடித்துக்கொண்டிருந்தது. விரிசல் விடும் சத்தம் இல்லை இது. இந்தச் சத்தத்தை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கான்கிரீட் பம்ப். குழாய் வழியாக முதல் கலவை வரும்போது அப்படித்தான் இடிக்கும்.

உடனே தட்டல் வந்தது.

ஐந்து. நிறுத்தம். ஐந்து. நிறுத்தம். ஐந்து.

வேகமாக, பலமாக, ஒழுங்காக. ஒரு கை இல்லை, இரண்டு மூன்று கைகள். பம்ப் சத்தத்தைக் கேட்டு, துளை போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நம்மைக் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் தட்டுகிறார்கள்.

காது வாயைப் பொத்திக்கொண்டார். கம்ப்யூட்டரின் கம்பி கழன்றுதான் கிடந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் கல்லின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று காட்டும் படம் அது, ஒரு தட்டலுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் கல்லின் அடியில் இருந்தன. பிறகு கால்வாசி உயரத்தில். பிறகு பாதியில். ஏறிக்கொண்டிருந்தன. கீழே கலவை நிரம்பிவிட்ட இடத்தில் ஒரு புள்ளியும் விழவில்லை. முக்கால். ஐந்து, ஐந்து என்று வந்த ஒழுங்கு குலைந்தது. எண்ண முடியவில்லை. எல்லாப் புள்ளிகளும் உச்சியில், மேல் தட்டை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குள் நெரிந்துகொண்டு...

பிரஸ்ஸின் பம்ப்பை அணைத்து, வால்வை முழுக்கத் திறந்தார். சுமை இறங்கியது. முள் சுழியத்துக்கு வந்து நின்றது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

தட்டல் நிற்கவில்லை. ஹெட்போன் இல்லாமலேயே கேட்டது. மேசை அதிர்ந்தது.

"என்னங்க?"

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "எத்தனை தடவை போன் பண்றது? அம்மா வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன்ல? நாலு மணிக்கு..." பேசிக்கொண்டே வந்தவள் நின்றாள். தலையைச் சாய்த்தாள். "யாரு தட்றது?"

"பிரஸ்... மெஷின் ரிப்பேரு. நீ வெளிய போ. நான் வரேன்."

அவள் போகவில்லை. அவரைப் பார்த்தாள், கீழே கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள், மேசையில் விரிந்துகிடந்த நீல நோட்டைப் பார்த்தாள். அதன் மேலே இடிந்த நாளின் தேதி அவர் கையெழுத்திலேயே இருந்தது. வரிசை வரிசையாக எண்கள். அவள் அதன்மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதத்தான் அன்னைக்குக் கேட்டீங்களா?"

பொய் சொல்ல அவருக்குப் பலம் இல்லை. "ஆமா."

"ஒரு சத்தமும் இல்லைன்னீங்க."

"பாறைன்னு நெனச்சேன்மா. சத்தியமா பாறைன்னுதான்..."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். அறைந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவளோ மேசையிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸின் கண்ணாடித் தடுப்பை நகர்த்தினாள். தம்பி அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான் போலிருக்கிறது. கல் நின்றிருந்த இரும்புத் தட்டின்மேல் தட்டினாள்.

ஐந்து.

கல் அடங்கியது. கூடம் முழுவதும் அப்படி ஒரு அமைதி. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போன்ற அமைதி.

பிறகு பதில் வந்தது. ஐந்து. பிரஸ்ஸிலிருந்த கல்லில் மட்டும் இல்லை. பின்னால், சுவரோரம், பெட்டிகளில், அறுபது கற்களும் ஒன்றாக. மரப்பெட்டிகளின் மூடிகள் குதித்தன. கல்தூள் வெயிலில் எழுந்தது.

"இருக்கான்," என்றாள் அவள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பிரஸ்ஸின் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து கல்லின்மேல் கன்னத்தை வைத்தாள். "டேய், அக்காடா. கேக்குதுடா. அக்காவுக்குக் கேக்குது."

அவர் அவளைப் பிடித்து இழுத்தார். தூணைச் சுற்றியிருந்த கை அசையவில்லை.

"சத்தம் போடாதீங்க," என்றாள் மெல்லிய குரலில். "கேக்கணும்."

தட்டல் நின்றுவிட்டது. வேறொன்று தொடங்கியது. இரும்பு முனகியது. காது மேலே பார்த்தார். பம்ப் அணைந்திருந்தது. வால்வு திறந்திருந்தது. முள் ஏறிக்கொண்டிருந்தது.

ஏழு. ஒன்பது. பன்னிரண்டு.

பிரஸ் கல்லை நசுக்கவில்லை. கல் பிரஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து, எல்லாப் பக்கமும்.

முப்பதில் இந்தக் கல் வெடிக்கும். அது பாறைதான்மா, வந்துடு என்று சொல்ல வாயெடுத்தார்.

இருபது. இருபத்துநான்கு.

"வர்றான்," என்றாள்.

முள் இருபத்தெட்டைத் தொட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கல்லோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.